பூவும் நாட்குறிப்பும்

“ஜப்பானுக்குச் சென்று வந்தாயே, சகுரா பூத்ததைப் பார்த்தாயா?” என்று நம் சங்க நண்பர்கள் பலர் என்னைக் கேட்டிருக்கின்றனர். “பார்த்தேன், விரல்விட்டு எண்ணக்கூடிய சில பூக்கள்” என்று விடை கூறினால் சிரிக்கின்றனர். மலை முழுதும் பூக்கும் நாட்டிற்குப் போய்ச் சில பூக்களை மட்டும் கண்டு திரும்பியவரைப் பார்த்துச் சிரிக்காமல் வேறென்ன செய்வது? ஆயினும் அச்சில பூக்கள் எனக்குக் கற்பித்தவை பல. அவற்றை எழுதித் தருமாறு ஆசிரியர் குழுவினர் பணித்தனர். அறிவியல் மாணவர் எழுதும் கட்டுரை ஆதலின் சுவையோடு சிறிது கணக்கும் கலந்திருக்கும், அன்பர்கள் பொறுத்துக்கொள்வார்களாக.

டோக்கியோவிலுள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் மூன்று வாரம் பயிற்சி பெறும் வாய்ப்பு 2024-ஆம் ஆண்டில் எனக்குக் கிடைத்தது. செல்லும் நாளைக் குறிக்கும் உரிமை என்னிடமே விடப்பட்டது. நான் பழைய ஏடுகளைப் புரட்டினேன். டோக்கியோவில் 2020, 2021, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மார்ச் 14-ஆம் நாளே முதற்பூ அறிவிக்கப்பட்டிருந்தது. ஆகவே மார்ச் 11-இல் சென்று 31-இல் திரும்பினால், முதல் மொட்டு அவிழ்வதிலிருந்து கடைசி இதழ் உதிர்வது வரை கண்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். என் கணக்குப் பிழைத்தது. அது பிழைத்த வகையை ஆராயப் புகுந்தபோதுதான் சகுராவைப் பற்றி நான் உண்மையில் அறியத் தொடங்கினேன்.

மலர் காணல்

சகுரா என்பது செர்ரி மரத்திற்கும் அதன் மலருக்கும் ஜப்பானியர் வழங்கும் பெயர். நாம் கடையில் வாங்கி உண்ணும் செர்ரிப் பழத்தைத் தரும் மரம் வேறு. இது பூவிற்காகவே வளர்க்கப்படுவது. பூத்த மரத்தின்கீழ் அமர்ந்து களிக்கும் வழக்கத்திற்கு ‘ஹனாமி’ என்று பெயர். ‘ஹனா’ என்றால் மலர். ‘மி’ என்றால் காணல். பெயரில் விருந்தும் இல்லை, பாட்டும் இல்லை. காணல் ஒன்றே உண்டு.

எட்டாம் நூற்றாண்டில் நாரா நகரத்து அரசவையினர் போற்றியது, சீனத்திலிருந்து வந்த ‘உமே’ என்னும் மரத்தின் பூவையே. நாளடைவில் தம் மலைகளில் தாமே பூக்கும் சகுராவின்மீது அவர்கள் மனம் சென்றது. 812-ஆம் ஆண்டில் சாகா என்னும் பேரரசர் கியோத்தோ நகரிலுள்ள ஷின்சென்-என் பூங்காவில் மலர் விருந்து நடத்தினார் என்பது வரலாற்றுக் குறிப்பு. எழுத்தில் காணப்படும் சகுரா விருந்துகளுள் அதனையே முதலாவதாகச் சொல்வர்.

பேரரசரின் பொழுதுபோக்கு பின்னர்ப் போர்வீரர் தலைவர்களின் பெருமிதமாயிற்று. நாட்டை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த தோயோதோமி ஹிதேயோஷி, 1598-ஆம் ஆண்டு வேனிலில் கியோத்தோவை அடுத்த தைகோ கோயில் வளாகத்தில் ஏறத்தாழ 700 சகுரா மரங்களைக் கொணர்ந்து நடச்செய்து, ஏறத்தாழ 1300 பேரை அழைத்துப் பெருவிழா எடுத்தார். அவ்வாண்டின் இலையுதிர் காலத்தைக் கூட அவர் முழுதும் காணவில்லை, செப்டம்பரில் மறைந்தார். நட்ட மரம் மறு ஆண்டு பூத்தபோது நட்டவர் இல்லை.

பொதுமக்களுக்கு இவ்வின்பத்தைத் திறந்துவிட்டவர் எட்டாம் ஷோகுனாகிய தொகுகாவா யோஷிமுனே. 1720-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் எடோ நகரத்து அசுகாயாமா குன்றிலும் சுமிதா ஆற்றங்கரையிலும் சகுரா மரங்களை நடச்செய்தார். எடோ என்பது இன்றைய டோக்கியோ. கூலியாளும் கடைக்காரரும் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு போய் அமரக்கூடிய இடங்களாக அவை அமைந்தன. அரண்மனையில் தொடங்கிய காணல் இவ்வாறு ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது. இன்றும் அது அங்கேதான் இருக்கிறது.

மரத்தின் கணக்கு

இனி அறிவியலுக்கு வருவோம். வேனிலில் விரியும் சகுரா மொட்டு வேனிலில் தோன்றுவதன்று. அது முந்தைய ஆண்டின் கோடையிலேயே, ஜூலை ஆகஸ்டு மாதங்களில், கிளையில் உருவாகிவிடுகிறது. உருவானதும் விரியாமல் செதில்களுக்குள் உறங்கிவிடுகிறது. இலையுதிர் காலத்தில் சில நாட்கள் வெயில் இதமாக இருந்தாலும் அது ஏமாறாமல் உறங்க வேண்டும். ஏமாந்து விரிந்தால் பின்வரும் பனியில் கருகிவிடும்.

அவ்வுறக்கத்தைக் கலைப்பது எது? வெயில் என்றுதான் யாரும் நினைப்போம். உண்மை அதற்கு மாறானது. மொட்டின் உறக்கத்தைக் கலைப்பது குளிர். பல வாரங்கள் தொடர்ந்து கடுங்குளிர் பட்ட பின்னரே மொட்டு விழித்து, ‘குளிர்காலம் கழிந்தது, இனி வெப்பம் வந்தால் வளரலாம்’ என்னும் நிலையை அடைகிறது. அதன் பின்னர் வரும் வெப்பமே அதை வளர்த்து மலர்விக்கிறது. குளிர் கதவின் தாழைத் திறக்கிறது. வெப்பம் கதவைத் தள்ளுகிறது. இரண்டும் வேண்டும். நம்மில் பலர் குளிர் என்பது என்ன என்பதையே இவ்வூர் விடுதிக்கு வந்த பின்னர்தான் அறிந்தோம். அதனை வெறும் துன்பம் என்றே எண்ணியிருந்த எனக்கு, பூவிற்குக் குளிரும் ஒரு தாய் என்பது புதிய செய்தியாக இருந்தது.

இதற்கு இயற்கையே ஒரு சான்று வைத்திருக்கிறது. ஜப்பானின் பெருந்தீவுகளில் பூக்காலம் தெற்கே மார்ச் மாதத்தில் தொடங்கி, நாள்தோறும் வடக்கு நோக்கி நகர்ந்து, மே மாதத்தில் ஹொக்கைதோவை அடைகிறது. அந்நகர்வை அவர்கள் ‘சகுரா முன்னணி’ என்கின்றனர், போர்முனையைச் சொல்வதுபோல. ஆனால் தென்கோடியிலுள்ள ஒக்கினாவாத் தீவில் இது தலைகீழாக நடக்கிறது. அங்கே ஜனவரியில் பூக்கும் சிவந்த சகுரா, முதலில் வடபகுதியில் மலர்ந்து பிறகு தெற்கே இறங்குகிறது. ஏனெனில் அத்தீவில் வெப்பத்திற்குக் குறைவில்லை. குறைவாக இருப்பது குளிரே. குளிர் முதலில் எட்டும் இடத்தில் பூவும் முதலில் வருகிறது.

விழித்த மொட்டு எப்போது மலரும் என்று கணிக்க எளிய வழியொன்று வழக்கில் உள்ளது. பிப்ரவரி முதல் நாளிலிருந்து ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வரவேண்டும். கூட்டுத்தொகை 400 டிகிரியை எட்டும் நாளை ஒட்டி முதற்பூ மலரும். இதற்கு ‘நானூறு டிகிரி விதி’ என்று பெயர். டோக்கியோவை எடுத்துக்கொள்வோம். 1991 முதல் 2020 வரையிலான முப்பது ஆண்டுச் சராசரிப்படி அங்குப் பிப்ரவரியின் வெப்பநிலை 6.1 டிகிரி செல்சியஸ். மார்ச்சின் வெப்பநிலை 9.4 டிகிரி. பிப்ரவரியின் 28 நாட்களுக்கு ஏறத்தாழ 171 டிகிரி சேரும். மீதி வேண்டியது 229. அதை 9.4-ஆல் வகுத்தால் 24 நாட்களுக்குச் சற்று மேல் வரும். அதாவது மார்ச் 24 அல்லது 25. அதே முப்பது ஆண்டுகளில் டோக்கியோவின் சராசரி முதற்பூ நாள் மார்ச் 24. மார்ச்சின் முற்பகுதி பிற்பகுதியைவிடக் குளிர்ந்தது ஆதலின், நாள்வாரியாகக் கூட்டினால் இரண்டொரு நாள் வேறுபடலாம். ஆயினும் இவ்வளவு எளிய கணக்கு இவ்வளவு நெருங்கி வருவது வியப்பன்றோ?

2024-இல் நானும் நாள்தோறும் இக்கணக்கைக் கூட்டி வந்தேன். அவ்வாண்டின் பிப்ரவரி வழக்கத்தைவிட வெதுவெதுப்பாக இருந்தமையால் தொகை விரைந்து ஏறிற்று. மார்ச் இருபதைத் தாண்டியதும் நானூறும் வந்தது, பூ வரவில்லை. மார்ச்சின் பிற்பகுதியில் குளிர் திரும்பி வந்து மொட்டுகளைத் தடுத்து நிறுத்தியது. குளிர்காலம் போதிய அளவு குளிராதிருந்தால் உறக்கமும் செவ்வையாகக் கலையாது; அப்பொழுது பின்வரும் வெப்பம் மிகுந்திருந்தும் பயனில்லை. விதி என்பது பல ஆண்டுகளின் சராசரியைப் பேசுவது. மரமோ அந்த ஆண்டைப் பார்த்துப் பூப்பது. புள்ளியியல் வகுப்பில் பலமுறை கேட்ட பாடந்தான். திரும்பும் விமானத்தின் நாள் குறித்த சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்டபோதுதான் அது மனத்தில் பதிந்தது.

பூவில்லாத விருந்து

ஆய்வுக்கூடத்தார் தம் மலர் காணலுக்கு மார்ச் 27-ஆம் நாளை முன்னரே குறித்துவிட்டனர். ஜப்பானில் கல்வியாண்டும் நிதியாண்டும் ஏப்ரலில் தொடங்குகின்றன. மார்ச் இறுதியில் பட்டம் பெற்றவர் விடைபெறுவர். ஏப்ரல் தொடக்கத்தில் புதியவர் வந்து சேர்வர். பிரிவிற்கும் வரவிற்கும் இடையில் சகுரா பூக்கிறது. ஆதலின் அவ்விருந்து வெறும் பொழுதுபோக்கன்று. ஆண்டிறுதிக் கூட்டமும் ஆகும். அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்த இளைஞரை விடியலிலேயே பூங்காவிற்கு அனுப்பி, நீலத் தார்ப்பாயை விரித்து இடம் பிடிக்கச் செய்வது அங்கே நெடுநாள் வழக்கம். ஆய்வுக்கூடத்தில் அப்போது மிகப் புதியவர் நான். ஆகவே பாயின் நடுவே தனியாக அமர்ந்து இரண்டு மணி நேரம் இடம் காத்த பெருமை எனக்கு உண்டு.

தலைக்கு மேலே மொட்டைக் கிளைகள். விருந்தைத் தள்ளிப்போடுவார்கள் என்று நினைத்தேன். அவர்களோ ஒவ்வொருவராக வந்து, செருப்பைப் பாயின் ஓரத்தில் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு, பொதிகளைப் பிரித்தனர். இளஞ்சிவப்பு, வெண்மை, பச்சை என மூன்று நிறத்தில் அரிசி மாவு உருண்டைகளைக் குச்சியில் கோத்த ‘தாங்கோ’ முதலில் வந்தது. நம் பிடிகொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம். “மலரைவிடக் கொழுக்கட்டை மேல்” என்னும் பொருளில் அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. ‘இவ்வாண்டு அப்பழமொழிக்குப் போட்டியே இல்லை’ என்று ஒருவர் கூறவே எல்லாரும் சிரித்தனர்.

அடுத்து வந்தது ‘சகுராமோச்சி’. இனித்த பயற்றுப் பூரணத்தை மாவுறையில் பொதிந்து, உப்பிலிட்ட சகுரா இலையால் சுற்றிய பண்டம். அதன் மணம் புதுமையானது. அம்மணம் பச்சை இலையில் இல்லை. உப்பில் ஊறும்போது இலையின் செல்கள் சிதைந்து, சர்க்கரையோடு பிணைந்து கிடந்த ஒரு பொருள் மாறி, ‘கூமரின்’ என்னும் மணப்பொருள் வெளிப்படுகிறது. பூ இல்லாத நாளில் சகுராவின் மணத்தை நான் அறிந்தது அவ்விலையின் வழியாகத்தான். பூவையும் அவர்கள் உப்பிலிட்டு வைக்கின்றனர். திருமண நாட்களில் வெந்நீரில் அப்பூவை இட்டுத் தருவது வழக்கம்.

எங்கள் கூட்டத்தில் மூத்த பேராசிரியர் ஒருவர் இருந்தார். அவர் பையிலிருந்து கைலென்சு ஒன்றை எடுத்து, தாழ்ந்த கிளையை வளைக்காமல் தாமே குனிந்து, ஒரு மொட்டை எனக்குக் காட்டினார். செதில் பிளந்து பச்சை தெரிந்தது; பச்சைக்குள் ஊசிமுனை அளவில் சிவப்புத் தெரிந்தது. இன்னும் இரண்டு நாள் என்றார். கிளையைத் தொடாமைக்குக் காரணமும் சொன்னார். சகுராவின் வெட்டுக்காயம் எளிதில் ஆறாது. அக்காயத்தின் வழியே அழுகல் நோய் உட்புகும். வேரின்மேல் பலர் மிதித்து மண் இறுகினாலும் மரம் நலியும். அதனால்தான் பாயை அடிமரத்திலிருந்து தள்ளி விரிக்கச் சொன்னார்களா என்று அப்போது விளங்கியது. வந்தவர்கள் புறப்படும்போது ஒரு காகிதத் துண்டும் அங்கே மிஞ்சவில்லை.

அன்று நான் சில சொற்களையும் கற்றேன். பூக்காலத்துத் திடீர்க் குளிர் ‘ஹனாபியே’. அக்காலத்து மப்பு வானம் ‘ஹனாகுமோரி’. இரவில் விளக்கொளியில் காணும் சகுரா ‘யோசகுரா’. காற்றில் இதழ்கள் பனிப்புயல்போல் சிதறுவது ‘ஹனாபுபுகி’. உதிர்ந்த இதழ்கள் நீரில் தெப்பமாய் மிதப்பது ‘ஹனாஇகாதா’. பூப்போய் இலை துளிர்த்தது ‘ஹாசகுரா’. நம் முன்னோர் அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் பருவங்களுக்குப் பெயர் வைத்ததை நான் அவர்களுக்குச் சொன்னேன். உதிர்ந்த பூவிற்கும் தனிப் பெயர் வைத்த மொழி இன்னொன்று உண்டு என்று கேட்டு அவர்கள் மகிழ்ந்தனர்.

ஒரு மரமே பல மரம்

பேராசிரியரிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன். பூங்காவில் நூற்றுக்கணக்கான மரங்கள் நிற்கின்றன. ஒன்றுகூட முந்திக்கொண்டு பூக்கக் கூடாதா? ஒரு வகுப்பில் முப்பது பேர் இருந்தால் ஒருவராவது முன்னே ஓடுவாரே?

விடை எளிது. அவை நூற்றுக்கணக்கான மரங்கள் அல்ல, ஒரே மரம். ஜப்பானிய நகரங்களில் மிகுதியாகக் காணப்படுவது ‘சோமெய் யோஷினோ’ என்னும் வகை. டோக்கியோவின் கொமகோமே பகுதியில் அந்நாளில் சோமெய் என்னும் சிற்றூர் இருந்தது. அங்கே வாழ்ந்த தோட்டக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதைப் பரப்பினர். ‘எடோஹிகான்’, ‘ஓஷிமா’ என்னும் இருவகைச் சகுராக்களின் கலப்பால் பிறந்தது இது. தன் மகரந்தத்தால் தான் கருவுறும் ஆற்றல் இதற்கு இல்லை. ஆகவே விதையிட்டு இதே மரத்தைப் பெற முடியாது; ஒட்டுக்கட்டியே பெருக்க வேண்டும். இன்று நாடெங்கும் நிற்கும் சோமெய் யோஷினோ மரங்கள் யாவும் ஒரே மரபுக் கூறுகளைக் கொண்டவை என்று மரபணு ஆராய்ச்சி காட்டியிருக்கிறது.

ஒரே மரபு, ஒரே வெப்பம். ஆகவே ஒரே நாளில் மலர்ச்சி. இலை துளிர்க்கும் முன்னரே பூ முந்துவதும் இவ்வகையின் இயல்பு ஆதலின், ஊர் முழுதும் ஓரிரு நாளில் வெண்சிவப்பாகிவிடுகிறது. முதற்பூவிலிருந்து முழுமலர்ச்சிக்கு ஏறத்தாழ ஒரு வாரம். அதன்பின் உதிர்ந்து முடிய ஏறத்தாழ ஒரு வாரம். ‘சகுராவின் நிலையாமை’ என்று நாம் நூல்களில் படிப்பதில் பாதி இயற்கை. பாதி தோட்டக்காரரின் கத்தி.

பழைய மலர் காணல் இப்படி இருந்ததன்று. நாரா மாநிலத்து யோஷினோ மலையில் ஏறத்தாழ 30,000 மரங்கள் உள்ளன. பெரும்பாலானவை ‘யாமாசகுரா’, அதாவது மலைச் சகுரா. விதையில் முளைத்தவை ஆதலின் ஒவ்வொன்றும் தனிப் பிறவி. ஒன்றின் இளந்தளிர் செம்மை, மற்றொன்றின் தளிர் பசுமை. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். அடிவாரத்தில் தொடங்கிய மலர்ச்சி உச்சிக்கு ஏறப் பல நாட்கள் ஆகும். அங்கே ஒரு நாள் தவறியவர் மறுநாள் சற்று மேலே ஏறிக் கண்டுகொள்ளலாம். நகரத்துச் சகுராவிடம் அந்தக் கருணை இல்லை.

ஒரே வகையைப் பெருக்குவதில் இழப்பும் உண்டு. காலிங்வுட் இங்கிராம் என்னும் ஆங்கிலேயர் 1923-இல் தம் நாட்டுத் தோட்டமொன்றில் பெரிய வெண்பூப் பூக்கும் சகுரா ஒன்றைக் கண்டார். 1926-இல் ஜப்பான் சென்றபோது, அவ்வகை அங்கே அழிந்துபோனதை அறிந்தார். பின்பு அதன் கொம்புகளை உருளைக்கிழங்கில் செருகி ஈரம் காத்து, சைபீரிய இரயில் வழியாக அனுப்பினார். 1932-இல் ‘தைஹாகு’ என்னும் அச்சகுரா தன் தாய்நாட்டில் மீண்டும் வேர்கொண்டது.

ஐந்து பூவின் அறிவிப்பு

ஒரே மரபுடைய மரங்கள் நாடெங்கும் நிற்பதால் அறிவியலுக்கு ஒரு நன்மை உண்டு: ஒவ்வொரு மரமும் ஒரு வெப்பமானி ஆகிறது. ஜப்பானிய வானிலைத் துறை 1953 முதல் இம்மலர்ச்சியை முறைப்படி குறித்து வருகிறது. இன்று 58 இடங்களில் ‘மாதிரி மரம்’ உண்டு. அம்மரத்தில் ஐந்து அல்லது ஆறு பூ விரிந்துவிட்டால் அவ்வூரில் சகுரா பூத்தது என்று அறிவிப்பர். மொட்டுகளில் 80 விழுக்காடு விரிந்தால் முழுமலர்ச்சி. எப்போது பூக்கும் என்று முன்னறிவிக்கும் பணியை அத்துறை 2010-இல் கைவிட்டுத் தனியார் நிறுவனங்களிடம் விட்டுவிட்டது. பூத்ததைக் குறிக்கும் பணியை மட்டும் விடவில்லை.

டோக்கியோவின் மாதிரி மரம் யாசுகுனி ஆலய வளாகத்தில் நிற்கிறது. மார்ச் 29 வெள்ளிக்கிழமை அன்று முதற்பூ அறிவிக்கப்பட்ட செய்தி கேட்டு அங்கே ஓடினேன். நான் சேர்ந்தபோது அறிவிப்பு முடிந்திருந்தது, கூட்டம் கலையவில்லை. ஒரு பெரிய நாட்டின் தலைநகரத்தில், வளர்ந்த மக்கள் கழுத்தை நிமிர்த்தி நின்று, “அதோ ஒன்று, இதோ ஒன்று” என்று பூக்களை எண்ணிக்கொண்டிருந்தனர். நானும் எண்ணினேன். என் மூன்று வாரப் பயணத்தில் நான் கண்ட முதற் சகுரா அது.

அவ்விடம் மகிழ்ச்சிக்கு மட்டும் உரிய இடமன்று. போரில் மடிந்தோர்க்காக 1869-இல் நிறுவப்பட்ட ஆலயம் அது. நாட்டிற்காக உயிர் துறப்பவர் சகுரா இதழ்போல் அழகாக உதிர்கின்றனர் என்று இளைஞருக்குக் கற்பித்த காலம் ஒன்று இருந்தது. 1945-இல் ஒக்கினாவாப் போரில், ஓட்டுபவர் உயிரோடு திரும்ப வழியில்லாத வெடிகுண்டு விமானம் ஒன்றை ஜப்பானியக் கடற்படை ஏவியது. அதற்கு இட்ட பெயர் ‘ஓக்கா’. சகுரா மலர் என்பது பொருள். அவ்விமானங்களில் அமர்ந்தவர்களுள் பலர் நம் வயதினர். மரம் யாரையும் சாகச் சொல்லவில்லை. அது அடுத்த கோடைக்குள் அடுத்த மொட்டை ஆக்கத் தொடங்கிவிடும். பூவின்மேல் மனிதர் ஏற்றும் பொருளைப் பூவே சொன்னதாகக் கொள்வது பெரும்பிழை என்பதை அம்மரத்தடியில் நின்றபோது உணர்ந்தேன்.

மார்ச் 31 ஞாயிற்றுக்கிழமை நான் புறப்பட்டேன். அன்று டோக்கியோவில் வெப்பநிலை 28 டிகிரிக்கு மேல் ஏறிற்று. மார்ச்சில் அங்கே அதுவரை பதிவாகாத வெப்பம். விமான நிலையம் செல்லும் இரயிலின் சன்னல் வழியே பார்த்தால், கால்வாய்க் கரை மரங்கள் வெளிறிச் சிவக்கத் தொடங்கியிருந்தன. ஏப்ரல் 4-இல் முழுமலர்ச்சி அறிவிக்கப்பட்டது. அன்று நான் நம் விடுதி உணவகத்தில் அமர்ந்து பருப்புக் குழம்பை வெறித்துக்கொண்டிருந்தேன்.

நாட்குறிப்பின் பயன்

கணக்குத் தெரிந்தும் பூவைக் காணாமல் வந்தேன். அப்படியாயின் காணலில் கணக்கிற்கு இடமில்லையா? உண்டு என்பதற்குக் கியோத்தோ நகரமே சான்று.

கியோத்தோவில் பிரபுக்களும் துறவிகளும் நூற்றாண்டுக் கணக்கில் நாட்குறிப்பு எழுதி வந்தனர். ‘இன்று இன்ன இடத்தில் சகுரா முழுதும் பூத்திருந்தது, சென்று கண்டோம்’ என்னும் வகையில், வழிபாடு, விருந்து, உடல்நலம் ஆகிய செய்திகளுக்கு இடையே ஒரு வரி இருக்கும். அவர்களுள் ஒருவரும் வானிலை ஆராய்ச்சி செய்ததாக எண்ணவில்லை. மகிழ்ந்தனர், மகிழ்ந்த நாளைக் குறித்தனர். யாசுயுகி அவோனோ என்னும் ஒசாகா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர், இவ்வேடுகளையெல்லாம் ஒன்று விடாமல் படித்து, மலைச் சகுராவின் முழுமலர்ச்சி நாட்களைத் தொகுத்தார். இடையிடையே விடுபட்ட ஆண்டுகள் உண்டெனினும், 812-ஆம் ஆண்டிலிருந்து நம் காலம் வரை நீளும் பட்டியல் அது. உலகில் ஒரு மரத்தின் பூக்கும் நாளைப் பற்றி இத்துணை நீண்ட பதிவு வேறெதையும் காண்பது அரிது.

அப்பட்டியல் கூறுவது யாது? பல நூற்றாண்டுகள் மலர்ச்சி நாள் ஏப்ரல் நடுப்பகுதியை ஒட்டியே முன்னும் பின்னும் அசைந்து வந்தது. இருபதாம் நூற்றாண்டில் அது ஒரு பக்கமாகவே சரியத் தொடங்கிற்று. 1409-இல் மார்ச் 27-ஆம் நாள் முழுமலர்ச்சி நேர்ந்ததைவிட முந்திய நாளொன்று பட்டியலில் நெடுங்காலம் இல்லை. 2021-இல் மார்ச் 26 அன்று அது முறியடிக்கப்பட்டது. 2023-இல் மார்ச் 25 அன்று மீண்டும் முறியடிக்கப்பட்டது. மனிதச் செயல்களால் விளைந்த காலநிலை மாற்றமும், நகரம் பெருகியதால் விளைந்த வெப்பமும் சேர்ந்தே இம்முந்துதலை உண்டாக்கின என்று ஆராய்ச்சி காட்டுகிறது. இனி ஜப்பானின் தெற்கே குளிர்காலம் மேலும் வெதுவெதுப்பாகுமாயின், உறக்கம் கலையாத மொட்டுகள் காலம் தாழ்த்தியும் குறைவாகவும் விரியக்கூடும் என்றும் அறிஞர் அஞ்சுகின்றனர். வடக்கே முந்துதலும் தெற்கே பிந்துதலும் ஒரே நோயின் இரு குறிகள்.

இவ்வளவும் நமக்குத் தெரிவது எதனால்? அன்று எவரோ பூவைக் கண்டு மகிழ்ந்து, அதோடு நில்லாமல், தேதி போட்டு ஒரு வரி எழுதியதனால். எழுதாமல் மகிழ்ந்தவர் எத்தனையோ பேர். அவர் மகிழ்ச்சி அவரோடு போயிற்று. எழுதியவரின் மகிழ்ச்சி ஆயிரத்து இருநூறு ஆண்டு கழித்து நமக்கு எச்சரிக்கையாக வந்து சேர்ந்தது. ரசிப்பவர் வேறு, ஆராய்பவர் வேறு என்று நான் எண்ணியிருந்தேன். இருவரையும் ஒரே நாட்குறிப்பில் கண்ட பின்னர் அவ்வெண்ணம் போயிற்று.

ஊர் திரும்பியதும் நான் ஒரு நாற்பது பக்கக் குறிப்பேடு வாங்கினேன். நம் விடுதி வாயிலுக்கு எதிரே ஒரு கொன்றை நிற்பதை யாவரும் அறிவீர்கள். அது சகுராவைப் போல் குளிரை எதிர்பார்ப்பதன்று. கோடையில் பொன்னாகத் தொங்குவது. அதன் முதற்கொத்து விரிந்த நாளை இரண்டு ஆண்டுகளாகக் குறித்து வைத்திருக்கிறேன். இரண்டு ஆண்டுக் குறிப்பைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது என்பதை நன்கு அறிவேன். ஆயினும் கியோத்தோவின் பட்டியலும் ஏதோ ஓர் ஆண்டின் ஒரு வரியில்தான் தொடங்கியது.

நான் படிப்பு முடிந்து செல்லும்போது அக்குறிப்பேட்டைச் சங்க நூலகத்து அலமாரியில், அகராதிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவேன். பின்வரும் தம்பி தங்கையரில் யாரேனும் ஒருவர், தேர்வுக்காலப் பரபரப்பின் நடுவே, மரத்தடியில் ஒரு நிமிடம் நின்று அண்ணாந்து பார்த்து, தேதியிட்டு ஒரு வரி எழுதினால் போதும். ஏட்டில் இன்னும் முப்பத்தெட்டுப் பக்கம் மீதி இருக்கிறது.